தோணியின் மற்றப் பலகை

பந்தடிக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளை இப்போது பள்ளிக்கூடங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கேட்டு வாங்குகின்றன. "போகட்டா, டீச்சர்?" என்று என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். விடுதிச் சோறு எப்படி, எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், கை முறிந்து ஆட முடியாமல் போனாலும் படிக்க விடுவார்களா என்று விசாரிக்கச் சொல்லுவேன். இவையெல்லாம் ஒரு காலத்தில் நானும் விசாரித்தவைதான். கேட்காமல் விட்டது ஒன்று. அது இன்னும் என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறது.

எங்கள் ஊர் வாவியின் மேற்கே, படுவான்கரையில். என் வீட்டில் எனக்கு முன்னால் எழுத்துப் படித்தவர் எவரும் இல்லை. அப்பா வலை வீசுகிறவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். நான் தோணியில் அக்கரைக்குப் போய் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

என்னோடு ஒருத்தி வந்தாள், வயல் செய்கிறவரின் மகள். வயதுக்கு வந்த பெண் தனியே தோணி ஏறக் கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம். இரண்டு பேர் என்றால் குற்றமில்லை. அவளை வீட்டோடு மறித்துவிட இருந்த நேரத்தில், "வலைக்காரன்ட மகள் கூடப் போறதெண்டா போகட்டும்" என்று அவள் தகப்பன் சொன்னார். என் முன்னால்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தோணியில் முன்பலகை எனக்கு, பின்பலகை அவளுக்கு. உள்ளே ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் இறைப்பது எப்போதும் அவள்தான்.

கரப்பந்திலும் அப்படித்தான். அப்பாவின் பழைய வலையை இரண்டு தென்னங்குற்றிகளுக்கு நடுவே கட்டியிருந்தோம். வெயில் ஏறினால் மீன் மணக்கும். அவள் பந்தைத் தூக்கித் தருவாள், நான் எழும்பி அடிப்பேன். தூக்கும்போது "இந்தா!" என்பாள். நான் பந்தைப் பார்ப்பதே இல்லை. அந்தக் குரலுக்கே என் கால் நிலத்தை விட்டுவிடும். கைதட்டல் மட்டும் அடித்தவளுக்குக் கிடைக்கும்.

ஒரு போட்டி முடிந்ததும், பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தின் வெள்ளைக்கார மிசியம்மா என்னைக் கூப்பிட்டார். விடுதியில் இடம் தருகிறேன், எங்களுக்காக ஆடு என்றார். நான் சும்மா தலையாட்டவில்லை. "ஆட்டத்தை விட்டாலும் படிக்கலாமா?" என்று கேட்டேன். ஓம் என்றார். "ஆங்கில வகுப்பிலா?" அதற்கும் ஓம்.

திரும்பும் தோணியில் அவளிடம் சொன்னேன். "நான் கேட்டதுக்கெல்லாம் ஓமெண்டா கா, வெள்ளைக்காரி!"

அவள் சிரட்டையை நிறுத்தாமல் சிரித்தாள். "இனி உன்ட காலும் நனையாது. எப்ப போறாய்?"

"திங்கக்கிழம."

"அப்ப வெள்ளி வரைக்கும் ரெண்டு பேரும் போவம்."

நான் புறப்படும் நாளைத்தான் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். தன் படிப்பு முடியும் நாளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதிய பள்ளிக்கூடத்தில் வலை கடையில் வாங்கியது, எதுவும் மணக்கவில்லை. அங்கே பந்தைத் தூக்குகிறவள் சத்தம் போடமாட்டாள், விரலைக் காட்டுவாள். பழகிக்கொண்டேன். ஆனால் காலைச் செபத்தில், கணக்கு வகுப்பில், சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது, பின்னாலிருந்து "இந்தா!" என்று கேட்கும். என் குதிகால்கள் தாமாக உயரும். திரும்பினால் வெறும் சுவர்.

"என்ன, நிலம் சுடுதா?" என்று பக்கத்தில் நிற்கிறவள் கேலி செய்வாள்.

அடுத்த பள்ளித் தவணையில் என் பழைய பள்ளிக்கூடம் எங்களோடு ஆட வந்தது. அவளைத் தேடினேன். காணவில்லை. அவர்களில் ஒருத்தியிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா கா? நீ போன கிழமையே அவள மறிச்சிப் போட்டாங்க. தனிய எப்பிடித் தோணி ஏறுற?"

விசில் ஊதிவிட்டார்கள். அவள் இடத்தில் ஒரு சின்னப் பெட்டை நின்றாள். அவளிடமே ஆட்டம் பழகியவள் போலும். எதிர்ப்பக்கத்தில் பந்தைத் தூக்கி, அதே இழுப்போடு "இந்தா!" என்றாள். நான் எழும்பினேன். எதிராளியின் பந்துக்கு எழும்பி, இரண்டு கையாலும் வலையை அடித்து, வலையில் தொங்கினேன்.

"எங்கட பந்தயும் அவதான் அடிக்கப் போறாவாம்!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. புள்ளி அவர்களுக்கு. அதன் பிறகு என்னால் ஒரு பந்தையும் அடிக்க முடியவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அவித்த நெல்லை முற்றத்துப் பாயில் காயப் போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வா கா. இங்கிலீசில என்னவும் பேசு, கேப்பம்."

அவள் பாயின் மறு ஓரம் வரை கிளறிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கேட்டதுக்கெல்லாம் ஓமெண்டா எண்டு தோணியில சொன்னாய்தானே?"

"ஓம்."

"ரெண்டு பேருக்கும் இடம் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

குரலில் கோபம் இல்லை. விடை தெரியாத கணக்கை இன்னொருத்தியிடம் கேட்பது போலக் கேட்டாள். அந்த விடை இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மிசியம்மா மறுத்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்கவில்லையே.

போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். நல்ல உயரம், நல்ல அடி. "எல்லாம் விசாரிச்சிட்டன் டீச்சர். சாப்பாடு, கட்டில், வகுப்பு, எல்லாம் சரி."

"உனக்குப் பந்து தூக்கித் தாறது ஆர்?"

பெயரைச் சொன்னாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"நாளைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. மறுகா கதைப்பம்."

தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் போனாள். வெறும் மைதானத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். பின்னால் ஒருவரும் இல்லை. என் குதிகால்கள் உயர்ந்தன.