சர்க்கரை பூசாத பயோடேட்டா

ஆறாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் 'சுகர்கோட்' என்ற வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை பூசுகிற மாதிரி, கேட்கப் பிடிக்காத உண்மையை இனிப்பாக்கிச் சொல்வது. அன்று முழுக்க அந்தச் சொல்லோடுதான் திரிந்தேன். "லேசா சிவந்துடுச்சு" என்று அம்மா கருகிய சப்பாத்தியை வைத்தபோது, சுகர்கோட் பண்ணாதே என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அந்த வாரம்தான் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுபவள். மாப்பிள்ளைக்கு பேங்க் வேலை. மர்பி டவுனில் எங்கள் சந்துக்கு அதுவரை பேங்க் மாப்பிள்ளை வந்ததில்லை. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பயோடேட்டா இங்கிலீஷில் வேண்டும் என்றார் தரகர். வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே பெரிய மனுஷி நான்தான். "சாந்தமான பொண்ணு, நல்லா சமைப்பா, பெரியவங்க பேச்சத் தட்டமாட்டான்னு எழுதும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார்.

தாளை எடுத்ததும் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க மிஸ் என்னா சொன்னாங்க? சுகர்கோட் பண்ணாம எழுதுடி."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அத்தை ஆட்டோக்காரர்களோடு தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் சண்டை போடுவாள். அவள் வைத்த ரசத்தை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. தன் அண்ணன் ஒன்று சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வாள். எல்லாவற்றையும் மணிமணியான கையெழுத்தில் எழுதினேன். அத்தையே அதை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள்.

நான்காம் நாள் தரகர் வந்து அதை அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வேறு இடம் பார்க்கப் போய்விட்டார்களாம். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி நின்றது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பாவம், அவள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது. அவள் சொல்லித்தான் எழுதினேன் என்று கடைசிவரை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை எனக்கு மசால் தோசை வாங்கித்தர அல்சூரில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். அவள் கடையில் வேலை பார்த்த கன்னடக்கார அண்ணா ஒருவர் அங்கே எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். இன்று அவர் எனக்கு மாமா. அன்று என்னைப் பார்த்துக் கைகூப்பி, "தும்பா தேங்க்ஸ், புட்டி" என்றார்; ரொம்ப நன்றி பாப்பா என்று கன்னடத்தில். அத்தை முகம் சிவந்து தோசையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளியிருந்தேன். அதற்குத்தான் நன்றி சொல்கிறார் என்று நினைத்து, சாம்பாரையும் நகர்த்தி வைத்தேன்.