ஜன்னல் இருந்த இடம்

பழைய கட்டடங்களை இடிப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. தெருவில் அவனுக்குச் சம்மட்டி என்றே பெயர். தொழிலால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கூட்டத்தில் தெரியாமல் காலை மிதித்த ஒருவனின் பல்லை அங்கேயே பேர்த்தெடுத்த ஆள். அப்பேர்ப்பட்டவன் மகளிடம் மட்டும் பெட்டிப்பாம்பு. வேலை முடிந்து வந்ததும் அந்தச் சின்னப் பெண்ணின் நெஞ்சில் காதை வைத்து, இழுப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை கால் கழுவப் போவான்.

அந்த வருஷம் இழுப்பு நிற்கவேயில்லை. தும்மல், கண் அரிப்பு, படுத்தால் மூச்சுத் திணறல். டாக்டர், வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதாவாம்! பீரோவுக்குப் பின்னால், கட்டில் ஓரத்தில், கூரை மூலையில் எல்லாம் கறுப்பாய் அப்பிக் கிடந்தது. "அதை ஒழிக்காம மருந்து மட்டும் குடுத்தா, ஒருநாள் மூச்சே நின்னு போயிடும்" என்றார்.

சம்மட்டி சுவரோடு சண்டைக்குப் போனான். கம்பி பிரஷ்ஷால் விரல் முட்டி கிழிய கிழியத் தேய்த்தான். பெயிண்ட் அடிக்க வைத்தான். கொஞ்ச நாளில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு பூஞ்சை வந்தது. பெயிண்டரை நடுத்தெருவில் ஓங்கி அறைந்தான்.

அப்புறம் அவன் கண் மாடிமேல் போனது. மாடியில் அவன் அண்ணன் குடியிருந்தார். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் வாய்ச்சண்டை முற்றி, போன வருஷத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல், மாடிப்படியைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவன் இவன். வீட்டில் சரியான ஜன்னல் என்று இருந்ததே அது ஒன்றுதான்.

"உன் பாத்ரூம் தண்ணிதான்டா என் புள்ளயக் கொல்லுது!" என்று சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான்.

அண்ணன் குறுக்கே நின்றார். "ஒரு சொட்டுகூட ஒழுகல. சொல்றதக் கேளுடா."

கேட்கிற ஆளா அவன்? சம்மட்டிக் காம்பால் ஒரே வீச்சு. அண்ணனின் மணிக்கட்டு முறிந்த சத்தம், பின்னாலேயே படியேறி வந்திருந்த மகளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தார். அவரைத் தாண்டிப் போய்க் குளியலறைத் தரையில் போட்டான் போடு. ஓடு தெறித்து அவன் நெற்றியே கிழிந்தது. ரத்தத்தைத் துடைக்காமல் மறுபடி அடித்தான். உள்ளேயிருந்து தூசு எழும்பிக் கண்ணை மறைத்தது.

தூசு! எத்தனை குளியலறைகளை இடித்தவன்! ஒழுகும் தரையென்றால் மணல் சேறாகத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியாதா? ஓங்கிய கை அப்படியே நின்றது.

மாடி வாசலில் அவன் மனைவி கத்தினாள். "ஜன்னல அடைச்ச அன்னிக்கே தலையால அடிச்சிக்கிட்டேன். சமையல் ஆவியும் ஈரத்துணி ஈரமும் வேற எங்க போகும்? சொன்னதுக்கு அறைதானே விட்டீங்க!"

அவன் சம்மட்டியோடு கீழே இறங்கினான். காலமெல்லாம் இடித்தவன், கட்டிய சுவர் அந்த ஜன்னலை அடைத்தது ஒன்றுதான். அதைப் பைத்தியம் பிடித்தவன் மாதிரி அடித்தான். செங்கல் பெயர்ந்த இடைவெளியில் அண்ணன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் படியிறங்குவது தெரிந்தது. அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. "முழுசா இடி. காத்து வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் திரும்ப வந்தது. கறுத்த பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசினான், பீரோவைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டான், துணியெல்லாம் வெளிக்கொடிக்குப் போனது. அடுத்த மழையில் மூலைகள் வெளேரென்று இருந்தன. மகள் படியில் ஏறி இறங்கிப் பாடிக்கொண்டே விளையாடினாள். அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும், வழக்கம்போல அவள் நெஞ்சில் காதை வைத்தான். இழுப்பு இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. பதறிப்போய் நிமிர்ந்தான். வாயை இறுக மூடிக்கொண்டு, அவன் பக்கத்தில் வைத்திருந்த சம்மட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்ச விடும்மா."

"நீங்க போனதும் விடுறேன்பா."