சந்தியில் கிடந்த யூபிஎஸ்

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் செட்டிபாளையத்தில் என் வீட்டிலேயே கம்பியூட்டர் வகுப்பு நடத்தினேன். கரண்ட் அடிக்கடி போகும் என்று வாங்கிய யூபிஎஸ் ஒருநாள் செத்துப்போனது. என் கணவர் அதை உரப்பையில் போட்டு, வயர் வெளியே தொங்கத் தொங்கச் சந்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தார்.

காலையில் ரோட்டை மறித்துவிட்டார்கள். பஸ்கள் வரிசையாக நின்றன. குண்டு என்று நினைத்து ஆமிக்காரர்கள் அந்தப் பையைப் பார்த்தபடி குப்புறப் படுத்திருந்தார்கள்.

"புள்ள, பேசாம உள்ளுக்க வா" என்றார் கணவர், வாசலில் நின்ற என்னிடம்.

"பேசாம இருந்தா ஊரையே சுத்தி வளைப்பானுகள். எங்கட சாமான், நாமளே சொல்லுவம்" என்று அவரையும் கூட்டிக்கொண்டு, கைகளை உயர்த்தியபடி போனேன்.

அவரையே திறந்து காட்டச் சொன்னார்கள். கை நடுங்க நடுங்கத் திறந்தார். உள்ளே பற்றரி உப்பிப்போயிருந்தது. பழுது அவ்வளவுதான். ஆமிக்காரர்கள் பையை எங்களிடமே தந்துவிட்டு ரோட்டைத் திறந்தார்கள். பழைய பற்றரியைக் கடையில் ஒப்படைத்துப் புதியது போட்டோம். அந்த யூபிஎஸ் பிறகும் பல வருசம் உழைத்தது.

அன்றிலிருந்து எங்கள் கம்பியூட்டர்களை மாதாமாதம் தூசு தட்டுகிறோம், பழுதான பாகத்தை மட்டும் மாற்றுகிறோம். இனிச் சரிவராது என்ற சாமானை ஏறாவூரிலிருந்து பழைய சாமான் எடுக்க வரும் முஸ்லிம் நானாவின் கையிலேயே கொடுக்கிறோம். எது நின்றுபோனாலும் ஸ்குரூ டிரைவரோடு முதலில் உட்காருபவர் என் கணவர்தான். இப்போது அவர் கை நடுங்குவதில்லை.