யாரும் வாங்க வராத மாதா

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் புனேயில், கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டிய ஒரு சாலில் குடியிருந்தோம். சால் என்றால் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். என் கணவர் பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். திண்டுக்கல்லில் இருந்து கல்யாணமான கையோடு அங்கே போனவள் நான். மகள் அங்கேதான் பிறந்தாள்.

எங்கள் பங்குக் கோயிலில் காலையில் இங்கிலீஷ் பூசை, அதற்குப் பிறகு மராத்திப் பூசை. தமிழ்ப் பூசைக்குக் கிடைத்தது மத்தியான நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு, வெயிலில் நடந்துபோய் உட்கார்ந்தால் பிரசங்கத்தில் பாதிப் பேருக்குக் கண் சொருகும். செமினரியில் பாடம் நடத்தும் ஒரு தமிழ்ச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். ஆர்மோனியம் வாசித்தவர் எல்லாப் பாட்டையும் உச்சத்தில் ஆரம்பித்து எங்கள் தொண்டையை வாங்கிவிடுவார். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் விட்டதே இல்லை. வாரம் முழுக்க கடையிலும் பஸ்ஸிலும் அரைகுறை இந்தி பேசித் திரிந்தவர்களுக்கு, கடவுளிடமாவது தமிழில் பேச வேண்டும் போல இருக்கும்.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடிக் கூட்டில் வைத்த சின்ன மாதா சுரூபம் ஒன்று வாரம் ஒரு வீடாகப் போகும். அந்த வாரம் தினமும் சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து சுரூபத்தை வாங்கிக்கொண்டு, பாட்டுப் பாடித் தெரு வழியாக அழைத்துப் போவார்கள். வைத்திருப்பவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது கிடையாது. வேண்டுமென்கிறவர்கள்தான் வந்து வாங்க வேண்டும். மாதாவை அழைத்துப் போகலாம், அனுப்பி வைக்கக் கூடாது என்பார்கள். இதை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயது அவளுக்கு. டாக்டர் வைரல் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். விட்டது, திரும்ப வந்தது, மறுபடி விட்டது. அடுத்த ஞாயிறு மாதா போக வேண்டியது பின் வரிசையில் இருந்த ஒரு அக்கா வீட்டுக்கு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவளும் என் மகளும் சேர்ந்தே விளையாடுவார்கள். நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட மாட்டேங்குது. உங்க முறைய எனக்கு விட்டுக் குடுங்களேன். எனக்கு அடுத்து நீங்க வாங்கிக்கங்க."

"இதுக்குப் போய் இப்படிக் கெஞ்சுதியே. நீ மொதல்ல வாங்கு. மாதா எங்க இருந்தா என்ன, நம்ம பிள்ளைய பாத்துக்கிட மாட்டாளா?" என்றார்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். டிரங்குப் பெட்டியின் மேல் என் கல்யாணப் புடவையை விரித்து அதன்மேல் கூட்டை வைத்தேன். மகள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா ஏன் செருப்பு போடவில்லை என்று கேட்டாள். வீட்டுக்குள்ளே யாரும் செருப்பு போடக் கூடாதே என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சாயங்காலம் எங்கள் அறை கொள்ளாமல் ஆட்கள். எல்லோரும் அவளுக்காகவே வேண்டினார்கள். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது அவ்வளவு தைரியமாக இருந்தது.

வாரத்தின் நடுவில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தார் எங்கள் அறையில் ஜெபமாலையை விடாமல் நடத்தினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அங்கே அவர்கள் முழந்தாளில் நின்று பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே என் மகள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். குறை சொல்ல மாட்டேன். சோறு வந்தது, டீ வந்தது, பெட்டிக்கும் குழிக்கும் வேண்டியதை எல்லாம் ஆண்கள் ஓடி ஓடிச் செய்தார்கள். சாமியார் கல்லறையில் பேசும்போது, கடவுளுக்கு இந்தப் பிள்ளை மேல் ரொம்பப் பிரியம், அதனால் அழைத்துக்கொண்டார் என்றார். எனக்கு எழுந்துபோய் அவர் அங்கியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என் பிரியத்துக்கு என்ன குறைச்சல்?

ஞாயிற்றுக்கிழமை யாரும் மாதாவை வாங்க வரவில்லை. துக்க வீடு, வர யோசித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் பூசைக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான அன்பியத்தின் தலைவர் கடைசியில் அறிவிப்பு வாசிப்பார். இந்த வாரம் மாதா யார் வீட்டில் இருந்து யார் வீட்டுக்குப் போகிறாள் என்பதைத்தான் முதலில் சொல்வார். அன்று அதைச் சொல்லவே இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தூத்துக்குடி அக்கா எங்களுக்கு முன்னாலேயே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். சாயங்கால ஜெபமாலைக்கும் ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது.

எனக்கு அப்போதும் புரியவில்லை. குழாயடியில்தான் புரிந்தது. நான் குடத்தோடு வந்ததைக் கவனிக்காமல் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லா விளையாடிக்கிட்டு இருந்த புள்ள. அந்தச் சுரூபம் அங்க போன நேரம், கொண்டு போயிருச்சு. இனி யார் வீட்டுல துணிஞ்சு வாங்குவாங்க?"

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். சண்டைக்குப் பெயர்போனவள் நான். அந்தக் குழாயடியிலேயே எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. ஏனென்றால் அதைத்தான் நானும் உள்ளுக்குள் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தானே முறை மாற்றிக் கூப்பிட்டேன்? வந்து என்ன செய்தாய்?

என் கணவர் அந்தச் சுரூபம் இருந்த பக்கமே திரும்ப மாட்டார். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"நாளைக்கு இத சைக்கிள்ல வச்சுக் கோயில்ல கொண்டுபோய் வச்சுட்டு வந்துர்றேன். கண்ணுல பாக்க முடியல."

"கூடாது," என்றேன். "நாமளா கொண்டுபோய் வச்சா, அவங்க சொல்றது சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நம்ம புள்ள செத்ததுக்கு நம்ம வீடும் தீட்டு, மாதாவும் தீட்டுன்னு ஆயிரும். யாராச்சும் வந்து வாங்கட்டும்."

"யாரு வருவா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். யாராவது ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து அதைக் கேட்டு வாங்காதவரை, நாங்கள் இனி இவர்களில் சேர்த்தி இல்லை. பிள்ளையும் போய், மனிதர்களும் போனால் அந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஆப்கி தேவி கப் ஜாயேகி?" என்று கேட்டார். உங்கள் தேவி எப்போது போவாள் என்று. அவர்கள் வீட்டில் கணபதி வந்தால் குறித்த நாளில் கரைத்து அனுப்பிவிடுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் கேட்டார். பாவம், ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பகலில் நானும் அந்தச் சுரூபமும் மட்டும் அந்த அறையில் இருப்போம். மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். ஒருநாள் ஆத்திரத்தில் கூட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதையும் பார்க்கச் சகிக்காமல் மறுபடி திருப்பினேன். ஜெபம் என்று எதுவும் வாயில் வரவில்லை. பழக்கதோஷத்தில் ஜெபமாலையைக் கையில் எடுப்பேன், மணியைத் தடவிக்கொண்டே இருப்பேன், வார்த்தை மட்டும் வராது. சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் பிரசங்கத்தில் எல்லோரையும் திட்டுவார், யாராவது ஒருவர் கடமைக்கு வந்து வாங்கிப் போவார்கள். அப்படி வாங்குவதைவிட அது என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. ஒரு வேலைநாள் மத்தியானம், கணவர் பட்டறைக்குப் போயிருந்தார். வாசலில் தூத்துக்குடி அக்கா நின்றார். கையில் மெழுகுவர்த்தி இல்லை, கூட ஆள் இல்லை. முகம் வீங்கியிருந்தது. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. அவரே வந்து தரையில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"மறைக்க மாட்டேம்மா, சொல்லிருதேன். பிள்ள போயிட்டாள்னு கேட்டதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஐயோ, எங்க வீட்டுக்குல்லா வர வேண்டியது, நல்லவேளை முறைய மாத்திக் குடுத்தோம்னு தோணுச்சு. அப்படி நெனச்சுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன் முன்னால வந்து நிப்பேன்? அதாம்மா வரல. ஒன்ன பாக்கும்போதெல்லாம் ஓடுனேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. அத்தனை நாளில் அந்தச் சாலில் என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் என் கண்ணைப் பார்க்காமல்தானே பேசினார்கள்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மாதாவ வாங்க வந்தேன். என் முறைதான இது."

"பயமா இல்லையா?"

"பயந்தான். நேத்துலேர்ந்து ஒரு வாய் இறங்கல. எங்க வீட்டு ஆளு வேண்டாம்னுதான் சொன்னாவ. சின்னவளுக்கு வேற லேசா சளி." புடவைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தார். "தாம்மா," என்று இரண்டு கையையும் நீட்டினார்.

நான் கூட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி அவர் வளையலில் பட்டுச் சத்தம் போட்டது. பாட்டு இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. பட்டப்பகலில் எங்கள் வரிசையைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி அவர் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் வீட்டு வாசலில் சின்னவள் என் மகளுடைய உயரத்தில், அதே மாதிரி ரெட்டை ஜடையோடு நின்றாள். அதற்குமேல் என்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஏதோ நிம்மதி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. டிரங்குப் பெட்டி மேல் வெறும் புடவை கிடந்தது. சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தாள், இப்போது அதுவும் இல்லை. அடக்கம் முடிந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. கணவர் வந்தபோது விளக்குக்கூடப் போடாமல் கிடந்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் அவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க பின் வரிசைப் பக்கமே எல்லோருடைய காதும் இருந்தது. சின்னவள் இருமினால்கூடத் தெரியும். சளி தானாகவே சரியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தியோடு போய் மாதாவை வாங்கிக்கொண்டார்கள், ஆர்மோனியக்காரரின் உச்சக் குரலோடு ஊர்வலம் பழையபடி போனது. குழாயடிப் பெண்ணும் அதில் பாடிக்கொண்டு போனாள். சுற்றி வந்து மறுபடி எங்கள் முறை வந்தபோது நான் வாங்கப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. பிறகு கணவருக்குப் புனேக்கு வெளியே சாகண் என்ற ஊரில் வேலை கிடைத்து அந்தப் பக்கமே குடி போய்விட்டோம். வேறு பிள்ளை எங்களுக்கு இல்லை.

விசுவாசம் திரும்பி வந்ததா என்று சிலர் கேட்பார்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். மன்றாட்டு நேரத்தில் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயிலே சேர்ந்து சொல்லும்போது என் வாய் மட்டும் மூடியிருக்கும். எதற்குத்தான் போகிறாய் என்று கணவர் சில சமயம் கேட்பார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அந்த அக்காவின் ஞாபகம் வரும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிக்கிற ஒருவர் வந்து மாதாவை வாங்கிப் போயிருந்தால், அது ஓர் உபகாரம், அவ்வளவுதான், எப்போதோ மறந்திருப்பேன். அந்த அக்கா உண்மையிலேயே பயந்தார், சாவும் அதோடு கூடவே வரும் என்று நம்பினார், நம்பிக்கொண்டே அதைத் தன் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார். கடவுள் எனக்குச் செய்யாமல் விட்டதற்கு அது ஈடாகவே ஆகாது; ஆனால் எனக்காக வேறு யாரும் அவ்வளவு பெரிதாக எதையும் செய்ததில்லை.