நான்கு கையெழுத்து

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகச் சோதனை மேசையில் வேலை பார்க்கிறேன். பெட்டிக்கு ஐந்து உருப்படி எடுத்து, கேஜில் வைத்து அளவு பார்த்து, சரியாக இருந்தால் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் போடுவார்கள். வெளியே லோடு வண்டி காத்து நிற்கும் நாட்களில் நான் ஒன்றைக்கூட எடுத்துப் பார்ப்பதில்லை. என் கையெழுத்தைப் பார்த்து அடுத்தவர் போடுவார். அவருடையதைப் பார்த்து அதற்கடுத்தவர். பெட்டி போய்விடும்.

பர்கூரில் இருக்கும் என் தங்கை, தன் குழந்தைக்குப் போட வேண்டிய ஒன்பதாம் மாத அம்மை ஊசி பற்றி ஏதோ வீடியோ பார்த்துப் பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள்.

"ஆனா டாக்டருங்க எல்லாரும் போடத்தானக்கா சொல்றாங்க?"

"எல்லாரும்னா? ஒருத்தர் சொன்னத மத்தவங்க சொல்றாங்க. யாரு பாத்தாங்க? வேணாம் விடு."

அந்த வீடியோவை நான் பார்க்கக்கூட இல்லை. எனக்குத் தெரிந்தது எங்கள் சீட்டுதான். நான் அதிகம் பேசாதவள். அதனால் வாய் திறந்து ஒன்று சொன்னால் யோசித்துத்தான் சொல்வேன் என்று தங்கைக்கு நினைப்பு. அந்த மாதம் அவள் ஊசிக்குப் போகவில்லை.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை வந்தது. ஒன்றைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கை போனில் அழுதாள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு அங்கன்வாடிக்குப் போனேன். குழந்தை என் மடியில் இருந்தது.

"போன மாசம் ஏன் வரல?" என்று நர்ஸம்மா கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் ஐஸ் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஆவாது."

இன்னொன்றை எடுத்தார். "இதுவும் ஆவாது. வழியில பெட்டி மூடி சரியா மூடல போல."

குப்பியின் மூடியில் ஒரு வட்டம், அதற்குள் சின்னக் கட்டம். கட்டம் வெளுப்பாக இருக்க வேண்டுமாம். சூடு பட்டால் கறுத்துவிடுமாம். வேறு பெட்டி அனுப்பச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தார். காத்திருந்த பெண்கள் சத்தம் போட்டார்கள்.

"எனக்கு ரெண்டு மணி ஷிப்ட்டு நர்ஸம்மா! பொடவ கடையா இது, கலர் பாத்து எடுக்கறதுக்கு?"

"உங்க கம்பெனிக்கு நான் லெட்டரு எழுதித் தரேன். இத மட்டும் போட மாட்டேன்."

அப்போது ஒரு குரல் கேட்டது: "லேசாத்தான கறுத்திருக்குது. போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

அது என் குரல். லோடு வண்டி நிற்கும் நாட்களில் மேசையில் எனக்குள் சொல்லிக்கொள்ளும் வார்த்தைதான். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சொல்லியிருந்தேன்.

நர்ஸம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னாம்மா பேசற? பச்சப் புள்ளைக்குப் போடறது."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "ஊசியே வேணாம்னு சொன்னவ நீ. இப்ப கெட்டுப்போனதப் போடச் சொல்றியா?"

வேறு பெட்டி வர இரண்டு மணி நேரமானது. அதற்குள் சீட்டு, கையெழுத்து, லோடு வண்டி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதது.

"அப்ப நீ பாக்காம கையெழுத்துப் போடறதுக்கு, எம் புள்ளைக்கு ஊசி வேணாம்னியா?"

குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

புதுப் பெட்டி வந்தது. நர்ஸம்மா அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைக் கலக்கினார். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. என்னிடம் வந்தால் உடனே அடங்கும். கையை நீட்டினேன். தங்கை தரவில்லை.

"அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றார் நர்ஸம்மா. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.