மாதம் முப்பது மில்லி

ஹெர்னே ஊரில் டெட்லெஃப் விஷ்னெவ்ஸ்கியைத் தெரியுமா என்று கேட்டால், அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மீதிப் பேர், "யாரு, நாம வீட்ல இல்லாதப்ப பார்சல் வாங்கி வைப்பாரே, அவரா?" என்பார்கள். அவருடைய புகழ் அவ்வளவுதான். அறுபத்தொன்பது வயது. டிராம் பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஸ்டோர் பொறுப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி எந்தக் காலத்திலோ விட்டுவிட்டுப் போயாயிற்று. பிள்ளை குட்டி கிடையாது.

ஆனால் கட்டடத்தின் நிலவறையில் அவருக்கென்று ஒரு டீப் ஃப்ரீசர் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனிதர் வாய் ஓயாது.

அதற்குள் இறைச்சியும் இல்லை, பட்டாணியும் இல்லை. பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் நிகோடின் திரவம். எட்டு வருடத்துக்கு முன்னால், இனிமேல் கடைகளில் நிகோடினைச் சுண்டுவிரல் அளவு பாட்டிலில்தான் விற்கலாம், அதையும் நீர்க்கச் செய்துதான் விற்கலாம் என்று சட்டம் வந்தது. சிகரெட்டை விட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறி, அதற்கான சாற்றையும் வீட்டிலேயே கலந்துகொண்டிருந்த கூட்டம் பதறிப்போனது. வியாழக்கிழமைதோறும் பீர் கடையின் பின்னறையில் கூடும் எட்டுப் பேர் ஒன்று சேர்ந்து, சட்டம் அமலாவதற்குள் லிட்டர் லிட்டராக வாங்கினார்கள். யார் வீட்டில் வைப்பது? ஸ்டோர்காரர் கூடவே இருக்கும்போது இதெல்லாம் ஒரு கேள்வியா!

சும்மா சொல்லக்கூடாது, கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார். அந்தத் திரவத்துக்கு வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, காற்று பட்டதோ போச்சு. தண்ணீர் மாதிரி இருப்பது மஞ்சளாகும், பிறகு தேநீர் நிறத்துக்கு வரும், மிளகு நெடி அடிக்கும். அதனால் கையுறை மாட்டிக்கொண்டு, கழுத்து வரை தளும்பத் தளும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, மைனஸ் பதினெட்டில் வைத்துப் பூட்டினார். விஷமாயிற்றே, கட்டடத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். சாவி எப்போதும் அவர் கழுத்தில்தான்.

ஆரம்பத்தில் கேட்டவர்களுக்குக் கேட்டபடி லிட்டர் கணக்கில் கொடுத்தார். ஒரு லிட்டர் வாங்கிப் போனவன் வருடம் முழுக்க எட்டிப் பார்க்க மாட்டான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பீர் கடையும் மூடிவிட்டார்கள். வியாழக்கிழமை என்றால் ஈ காக்கை இல்லை. டெட்லெஃப் உட்கார்ந்து யோசித்தார். பிறகு எல்லாவற்றையும் சின்னச் சின்ன பாட்டிலாகப் பிரித்தார். நூறு மில்லி. அடுத்த வருடம் ஐம்பது. கடைசியில் முப்பது.

"பெரிய பாட்டிலத் தொறந்து தொறந்து மூடினா காத்து படும். உங்க வீட்டு ஃப்ரிஜ்ஜெல்லாம் இதுக்கு லாயக்கில்ல. மாசா மாசம் வந்து ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பொய் என்று தள்ளிவிட முடியாது, பாதி உண்மைதான். மீதிப் பாதி அவருடைய வீட்டு அழைப்புமணிக்குத்தான் தெரியும்.

தந்திரம் கொஞ்ச நாள்தான் பலித்தது. ஒருவர் இறந்துபோனார். ஒருவர் பழையபடி சிகரெட்டுக்கே போனார். இருவர், "யாருப்பா இதுக்காக அலையிறது" என்று கடையில் ரெடிமேடாக வாங்க ஆரம்பித்தார்கள். இன்னும் இருவர் ஏன் வரவில்லை என்பதே தெரியவில்லை. மிஞ்சியது ரோஸ்விதா கோவால்ஸ்கி மட்டும். பேக்கரிக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, டெட்லெஃபை விட ஒரு வயது இளையவர், கணவரை இழந்தவர். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கசகசா கேக்கோடு வருவார்.

டெட்லெஃபின் மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது. மற்ற நாளெல்லாம் அதற்கு முன்னால் இருக்கும், அல்லது பின்னால் இருக்கும். புதன்கிழமையே தட்டு, கோப்பை எல்லாம் துடைத்து வைத்துவிடுவார். ரோஸ்விதாவின் பங்கு தீர்ந்தால் தன் பங்கிலிருந்து ஊற்றி வைக்கலாம் என்று வேறு நினைத்து வைத்திருந்தார். இந்த அம்மா வருவது நின்றுவிட்டால் தன் குரலே தனக்கு மறந்துபோய்விடும் என்று பயந்தார் மனிதர்.

அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை மணி இரண்டேகாலுக்கே அழைப்புமணி அடித்தது. வாசலில் ரோஸ்விதா. கையில் கேக் இல்லை. கனமான ஒரு துணிப்பை, உள்ளே கண்ணாடி கலகலத்தது.

"என்ன, சீக்கிரமே வந்துட்ட? பாட்டில இன்னும் வெளிய எடுத்தே வைக்கலயே. அப்படியே தொறந்தா ஈரம் கோத்துக்கும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"டெட்லெஃப், கொஞ்சம் வாய மூடிட்டுக் கேளு. என் மகள் கீழ கார்ல இருக்கா. நான் அவளோட கீல் ஊருக்கே போறேன். சாமானெல்லாம் நேத்தே போயாச்சு."

டெட்லெஃபுக்கு ஒன்றும் புரியவில்லை. கீல் எங்கே இருக்கிறது, ஹெர்னே எங்கே இருக்கிறது! ரயிலிலேயே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகுமே.

"அப்ப உன் பங்கு? அதக் குளிர் போகாம கட்டித் தரணுமே, பனிக்கட்டிப் பெட்டி..."

"வேணாம்ப்பா." அந்த அம்மா பையை மேசைமேல் வைத்துத் திறந்தார். இருபத்தெட்டு பாட்டில். அத்தனையிலும் டெட்லெஃபின் கையெழுத்து, அத்தனையும் மூடி திறக்காதவை.

டெட்லெஃப் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடியின் பழுப்பையும் மீறித் தெரிந்தது, உள்ளே கறுத்துப்போயிருந்தது.

"இத எங்க வெச்சிருந்த?"

"சமையலறை ஜன்னல்ல."

"ஜன்னல்லயா! வெயில்லயா! அறிவிருக்கா உனக்கு? எட்டு வருஷம் கண்ணு மாதிரி காப்பாத்தினேன்..."

"நான் வேப் இழுக்கறத விட்டு ரெண்டரை வருஷம் ஆச்சு டெட்லெஃப்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"இதய வால்வு ஆப்பரேஷனுக்கு அப்புறம் தொடவே இல்ல. ரெண்டரை வருஷமா உன் எதிர்லயே உக்காந்து காபி குடிக்கிறேன். ஒரு நாளாவது என் கையில அது இருந்துதா? ஒரு வாட்டியாவது புகை விட்டேனா? பாட்டில் கலர்ல இம்மி மாறினாக் கண்டுபிடிச்சிடுவ."

"அப்புறம் ஏன் மாசா மாசம் வந்து வாங்கிட்டுப் போன?"

"நீ தட்டெல்லாம் தொடச்சு வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பியே. வேண்டாம்னு சொன்னா அப்புறம் எதச் சாக்கா வெச்சு வர்றது? எனக்கும் பேச ஆள் இல்ல. இங்க வந்தா பேச்சு பாட்டிலப் பத்தித்தான், இருந்தாலும் பேச்சுதானே."

டெட்லெஃபுக்கு முகம் சூடாகிவிட்டது. தான்தான் இந்த அம்மாவைத் தந்திரம் செய்து வரவழைக்கிறோம் என்று இத்தனை நாள் உள்ளூர ஒரு பெருமை இருந்தது அவருக்கு. இப்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆப்பரேஷன் பத்தி எங்கிட்ட சொன்னியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொன்னேன். ஆப்பரேஷனுக்கு முந்தின மாசமே சொன்னேன். திரும்பி வந்ததும் நீ என்ன கேட்ட தெரியுமா? 'ஆஸ்பத்திரியில இருந்தப்ப பாட்டில ஃப்ரிஜ்லதானே வெச்சிருந்த?'ன்னு கேட்ட."

கேட்டது அவருக்கு நினைவு வந்தது. அந்தப் பாட்டில் எத்தனாம் தேதி ஊற்றியது என்பதுகூட நினைவு வந்தது. இந்த அம்மாவின் முகம் அன்று எப்படி இருந்தது என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

கீழே கார் ஹாரன் அடித்தது. ரோஸ்விதா அவர் தோளை இரண்டு தட்டு தட்டினார். "உடம்பப் பாத்துக்கோ. இதையெல்லாம் தொட்டியில கொட்டிடாத."

"கொட்டுவனா? ரசாயனக் கழிவு வண்டி வரும், அதுல போடணும்" என்றார் டெட்லெஃப். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். போகிற நேரத்திலும் பாட்டில் பேச்சு!

அந்த அம்மா ஒரு மாடி இறங்கிவிட்டார். டெட்லெஃப் வீட்டுச் செருப்போடு படிக்கட்டுக்கு ஓடி வந்து கைப்பிடிமேல் குனிந்தார்.

"ரோஸ்விதா! அந்த ஆப்பரேஷன்... ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

ரோஸ்விதா நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"வலிச்சுது டெட்லெஃப். மூச்சு விட்டாக்கூட வலிச்சுது. ராத்திரியெல்லாம் அழுவேன். மகள்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

ஹாரன் மறுபடி அடித்தது. "இரு, வந்துட்டேன்!" என்று கீழே பார்த்துக் கத்திவிட்டு, மறுபடி மேலே பார்த்தார். "அன்னிக்கு இதக் கேட்டிருக்கக் கூடாதாப்பா நீ?"

சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று டெட்லெஃபுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. யார் கூட இருந்தார்கள், யார் சூப் வைத்துக் கொடுத்தார்கள், இந்தப் படியெல்லாம் எப்படி ஏறி வந்தாய் என்று ஒவ்வொன்றாக வாயில் வந்து நின்றது. கீழே வெளிக்கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.