ஜாபர் பாய் அளந்தது சரிதான்

தவறு என்னுடையது. ஜாபர் பாயுடையது அல்ல. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக உங்களிடம் சொல்கிறேன்...

விருத்தாசலத்தில் நிலம் அளந்து வரைபடம் போட்டுத் தரும் சிறிய அலுவலகம் என்னுடையது. பாய் வெயிலில் நின்று அளப்பார். நான் கணினியில் வரைவேன். என் பழைய கணினி ஒருநாள் உயிரை விட்டது. துபாயில் இருக்கும் பாயின் மகன் சலீம், தான் வைத்திருந்த மடிக்கணினியையே எனக்குக் கொடுத்தனுப்பினான். அழகான பொருள்! ஆனால் அதில் இருந்தது ஏ.ஆர்.எம் சிப்; விண்டோஸை நேரடியாக ஏற்ற முடியாத வகை. என் வரைபட மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே ஓடும்.

வாங்கிய கையோடு குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டான். மூன்று விடுமுறை நாட்கள் துபாயிலிருந்தே போனில் எனக்கு வழி சொல்லி, அந்தக் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கி, அதில் விண்டோஸை ஏற்றி, மென்பொருளை ஓட வைத்தான். என் வரைபடம் திரையில் விரிந்தபோது அழுதுவிட்டேன். இன்று நான் சாப்பிடும் சோறு அந்தக் குடும்பம் போட்டது. அந்த நன்றி என் நெஞ்சில் நிறைந்திருக்கிறது. அதனால்தான் தாங்க முடியவில்லை!

"உள்ள இருக்கற கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுனா, பதிஞ்சு வெச்ச முந்தின நிலைக்குத் திருப்பிக்கலாம்க்கா," என்று சொல்லிக் கொடுத்தான். "ஆனா நடுவுல செஞ்ச வேலை போயிடும். ஃபைல வெளிய எடுத்து வெச்சிட்டுத் திருப்புங்க."

ஒரு செராமிக் கம்பெனியின் சுற்றுச்சுவருக்காக நிலம் அளந்தோம். முதல் நாள், புதருக்குள் கிடந்த எல்லைக்கல் பாயின் கண்ணில் படவில்லை. வேறு கல்லை வைத்து அளந்துவிட்டார். மறுநாள் காலை அவராகவே போய்ப் பார்த்து, சரியான அளவைப் போனில் சொன்னார். நானும் திருத்தினேன்.

மதியம் உள்கணினி திணறி நின்றது. கண்டதையெல்லாம் அதில் ஏற்றி வைத்தது நான்தான். எதிரே கம்பெனி முதலாளி காத்திருந்தார். அவசரத்தில், வரைபடக் கோப்பை வெளியே எடுக்காமலே, முந்தின நாள் மாலை பதிந்து வைத்த நிலைக்குத் திருப்பினேன். திருத்தம் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் பழைய படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன்.

பக்கத்து நிலத்துக்குள் நான்கடி தள்ளிச் சுவருக்குக் கடக்கால் தோண்டிவிட்டார்கள். பெரிய சண்டை. முதலாளி படத்தோடு வந்து நின்றார்.

படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன்: "பாய் மொத நாளு கல்ல மாத்தி அளந்துட்டாருங்க."

பக்கத்தில் நின்ற பாய் திடுக்கிட்டார். "மறுநாளு போன்ல சொன்னேனேம்மா..."

"பேசுனீங்க பாய். அளவு எதுவும் சொல்லலியே."

எப்படி வந்தது அந்தப் பொய், அவ்வளவு சரளமாக?

அவர் சண்டை போடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "சொன்னதா ஞாபகம்... சொல்லாமலே வுட்டுட்டனோ என்னமோ." முதலாளி அவரை இனி உள்ளே விடமாட்டேன் என்று குதித்தார். நான் கெஞ்சி மன்னிப்பு வாங்கிக் கொடுத்தேன். என் குற்றத்துக்கு, அவருக்கு மன்னிப்பு!

அன்று முதல் பாய் போனில் அளவு சொல்வதில்லை. வேப்பூரில் அளந்தாலும் பஸ் ஏறி வந்து, தாளில் எழுதியதை என் முன்னால் படித்துக் காட்டுகிறார். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து தருகிறார். "அன்னைக்கு நீ பேசலன்னா என்னம்மா ஆயிருக்கும்?" என்கிறார்.

போன வாரம் சலீம் ஊருக்கு வந்தான்.

"அத்தாவுக்கு ஞாபக மறதின்னு பயமா இருக்குதுக்கா. தன்ன நம்பவே மாட்டேங்கறாரு. சென்னையில டாக்டருகிட்ட காட்டலாம்னு இருக்கேன். எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேப்பாங்க... நீங்கதான கூட இருந்து பாத்தவங்க. வந்து சொல்றீங்களா?"

"வரேம்ப்பா," என்றேன்.

புதன்கிழமை காலை ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறான்.